இரண்டு முறை களவுபோன பூக்கள்

65 செ.மீ. உயரம், 54 செ.மீ. அகலம். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடலாம். அந்தப் படத்துக்குச் சிறிய உருவமே வினையாகிப் போனது.

வரைந்தவர் வின்சென்ட் வான் கோ. 1886-இல் பாரிசுக்கு வந்து தம்பி தியோவோடு தங்கியிருந்தார். ஆளை உட்காரவைத்து வரையக் கையில் காசில்லை. பூக்கள் கூலி கேட்காதே! ஜாடி ஜாடியாக வரைந்து வண்ணம் பழகினார். மார்சேய் ஓவியர் மோந்திசெல்லி சாயத்தைக் குழைத்து அப்பும் விதத்தில் அவருக்கு ஒரு பித்து. அந்தப் பித்தில் 1887 வாக்கில் பிறந்தது இது: இருண்ட பின்புலம், ஜாடி நிறைய மஞ்சள், இடையில் சிவப்பு. 'பாப்பிப் பூக்கள்' என்பார்கள். நம் கசகசாச் செடியின் சொந்தம். சில பட்டியல்களிலோ இது 'விஸ்காரியா ஜாடி'. என்ன பூ என்பதிலேயே வழக்கு.

எகிப்திய அரசியல்வாதி முகமது மஹ்மூத் கலீலும் அவருடைய பிரெஞ்சு மனைவியும் ஆசை ஆசையாகப் படங்கள் சேர்த்தவர்கள். அவர்களிடம் வந்த இந்த ஜாடி, அவர்களுக்குப் பிறகு வீட்டோடு சேர்ந்து அரசின் சொத்தானது. 1962-இல் அந்த வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 1977-இல் படம் திருடுபோனது. பத்தாண்டு கழித்துக் குவைத்தில் அகப்பட்டு, அருங்காட்சியகத்துக்கே திரும்பி வந்தது.

ஒருமுறை சூடுபட்ட பூனை என்னவெல்லாம் செய்திருக்க வேண்டும்? 2010 ஆகஸ்ட் 21, ரமலான் மாதத்துச் சனிக்கிழமை. கூட்டமே இல்லை. படத்துக்குக் கீழே ஒரு சோபாவை நகர்த்தி, ஏறி நின்று, சட்டத்தின் ஓரமாகக் கித்தானை அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். பட்டப்பகலில்! சோபாவை இழுத்த சத்தம்கூடவா யாருக்கும் கேட்கவில்லை? அலாரம் ஒன்றும் அடிக்கவில்லை, எல்லாம் பழுது. 43 கேமராக்களில் ஓடிக்கொண்டிருந்தவை 7.

அன்றே பண்பாட்டு அமைச்சர், விமான நிலையத்தில் இரண்டு இத்தாலியர்களிடம் படம் பிடிபட்டதாக அறிவித்தார். பிறகு, தகவல் தவறு என்று சொல்லிவிட்டார்.

மதிப்பு 5 கோடி டாலர் என்று பேச்சு. ஆனால் விற்பது எப்படி? வெளியே தலைகாட்டினால் உலகமே அடையாளம் சொல்லும் சரக்கு. எகிப்தின் கோடீஸ்வரர் ஒருவர் துப்புக் கொடுப்பவருக்கு 10 லட்சம் எகிப்திய பவுண்டு தருவதாகச் சொல்லியும் யாரும் வரவில்லை.

அக்டோபரில் கோர்ட் தீர்ப்பு வந்தது. கடமை தவறியதற்காக அதிகாரிகள், ஊழியர்கள் 11 பேருக்கு மூன்றாண்டு சிறை. அந்த 11 பேரில் திருடர் ஒருவரும் இல்லை.