குதியென்பும் உழைப்பும்: அடம்பனிலிருந்து ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள நாம் என்பு முறிவுச் சத்திரசிகிச்சையின் வரலாற்றைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், மருத்துவ வரலாறு பெரும்பாலும் தனித்த மேதைகளின் கண்டுபிடிப்புக் கதையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இலக்கிய வரலாற்றைப் புலவர் சரித்திரமாகக் குறுக்கிய பார்வைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. எந்தச் சமூகத்தில், எவருடைய உடல், எத்தகைய உழைப்பின்போது முறிந்தது என்ற வினாவை எழுப்பும்போதே அவ்வரலாறு முழுமை பெறும். குதியென்பு முறிவு இவ்வினாவுக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியில், மாந்தை மேற்குப் பிரிவில் அமைந்துள்ள ஊர் அடம்பன். கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிய நெல்வயல்கள் இப்பகுதியின் வாழ்வாதாரம். மேற்கே கடலும் மன்னார்த் தீவும் உள்ளன. கரையோரமெங்கும் பனைகள் நிற்கின்றன. இங்குள்ளோரின் உழைப்பு காலின் உழைப்பாகும். வரப்பில் நடப்பவரும், சேற்றில் இறங்குபவரும், தளநார் மாட்டிப் பனையேறுபவரும், கிணறு வெட்டுபவரும், கூரை வேய்பவரும் தம் குதிகாலையே முதலாகக் கொண்டு வாழ்கின்றனர். குதியென்பு முறிவு பெரும்பாலும் உயரத்திலிருந்து விழுந்து குதிகால் நிலத்தில் மோதுவதால் ஏற்படுவது. ஆகவே இது மரத்திலும் கூரையிலும் சாரத்திலும் ஏறித் தொழில் செய்வோரை முதலிற் பற்றும் முறிவு எனலாம்.

போரும் குதிகாலையே தாக்கியது. இரண்டாம் உலகப் போரில், கப்பலின் அடியிற் கண்ணிகள் வெடித்தபோது, மேல்நோக்கி உந்தப்பட்ட தளத்தில் நின்ற கடற்படையினர் பலரின் குதியென்புகள் நொறுங்கின. நிலக்கண்ணி இதனினும் கொடியது. மிதித்த காலையே அது சிதைத்துவிடும். 2008 மே மாதத்தில் அரச படையினர் அடம்பனைக் கைப்பற்றினர். 2009இல் போர் முடிந்த பின்னரும் வடபுலத்தின் வயல்களிலும் காடுகளிலும் புதைந்திருந்த கண்ணிகளை அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நீடித்தது. நிலக்கண்ணிகளைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது.

இனி, முறிவின் தன்மையைச் சுருக்கமாக நோக்குவாம். பாதத்தின் பின்பகுதி என்புகளுள் மிகப் பெரியது குதியென்பு. அதன் உட்புறம் கடற்பஞ்சு போன்றது. வெளிப்புறம் மெல்லிய ஓடு. அதன் மேல் அமர்ந்துள்ள கணுக்கால் என்பு, வீழ்ச்சியின் வேகத்தில் ஆப்புப்போல் இறங்கி அதனைப் பிளக்கின்றது. குதிகால் உயரங் குறைந்து அகலங் கூடுகின்றது. இரு என்புகளுக்கும் இடைப்பட்ட மூட்டின் வழவழப்பான பரப்பு உடைந்து அமிழ்கின்றது. பாதத்தை உட்புறமும் வெளிப்புறமும் சாய்க்க உதவுவது இம்மூட்டே. சமதரையில் நடப்பவர் இதன் அருமையை அதிகம் உணரார். வரப்பில் நடப்பவருக்கோ இதுவே நடையாகும்.

இத்தகைய முறிவைக் கத்தியால் அணுகுவதற்கு இரண்டு முன்நிபந்தனைகள் தேவைப்பட்டன. ஒன்று, புண் சீழ்ப்பிடிக்காமற் காத்தல். மற்றது, தோலுக்குள் இருக்கும் என்பைக் காணல். யோசப் லிஸ்ரர் தமது கிருமி எதிர்ப்பு முறையை 1867இல் வெளியிட்டார். அதே 1867இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூல் தமிழில் வெளிவந்தது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அவர் முதலில் ஆங்கிலத்திற் கற்பித்து, பின்னர் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். மிசனரிமாரின் நோக்கங்கள் பற்றி நமக்கு விமரிசனம் உண்டு. எனினும், சத்திரசிகிச்சை அறிவு உழைக்கும் மக்களின் மொழியிற் பேசமுடியும் என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் நிரூபிக்கப்பட்டது. இரண்டாவது நிபந்தனை 1895இல் றொன்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தபோது நிறைவேறியது.

ஆயினும் சிகிச்சையின் வளர்ச்சியை உந்தியது அறிவு மட்டுமன்று. கைத்தொழில் முதலாளித்துவம் முறித்துப்போட்ட தொழிலாளரின் கால்களும் அதனை உந்தின. பொஸ்ரன் நகரத்துப் பிரெட்றிக் கொற்றன் 1908இல், அகன்றுபோன குதிகாலைச் சுத்தியலால் அடித்து ஒடுக்கும் முறையை விளக்கினார். அவரும் ஹென்டர்சனும் 1916இல் தம் நோயாளரின் பெறுபேறுகளை ஆராய்ந்து, குதியென்பு முறிந்த தொழிலாளியின் உழைப்புவாழ்வு முடிந்துவிட்டதென்ற கசப்பான முடிவுக்கு வந்தனர். முறிவு இங்கு உழைப்புச் சக்தியின் இழப்பாகவே கணக்கிடப்பட்டமை கவனிக்கத்தக்கது.

வியன்னாவில் இக்கணக்கு வேறொரு வடிவம் பெற்றது. தொழிலாளர் விபத்துக் காப்புறுதி சட்டமாகிவிட்ட ஒஸ்திரியாவில், காலம் முழுவதும் உதவிப்பணம் வழங்குவதைவிட நன்கு குணப்படுத்துவதே செலவு குறைந்தது என லோரன்ஸ் பேலர் காப்புறுதி நிறுவனத்துக்கு எடுத்துக்காட்டினார். அதன் விளைவாக 1925இல் விபத்து வைத்தியசாலை ஒன்று அங்கு தோன்றியது. குதியென்பின் அமிழ்வை அளக்க அவர் 1931இல் விளக்கிய கோணம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இயல்பான காலில் அது ஏறத்தாழ 20 முதல் 40 பாகை வரை இருக்கும். முறிவு கடுமையாகும்போது அது குறைந்து, சில வேளை பூச்சியத்துக்குக் கீழும் செல்லும். பேலரின் கோணத்தை யாவரும் அறிவர். அதனைச் சாத்தியமாக்கிய காப்புறுதிச் சட்டத்தை நினைப்போர் சிலரே.

1948இல் சுவீடனைச் சேர்ந்த இவார் பாமர், குதிகாலின் வெளிப்பக்கத்தைத் திறந்து, அமிழ்ந்த மூட்டுப்பரப்பை உயர்த்தி, அதன்கீழ் என்புத் துண்டை வைத்துத் தாங்கும் முறையை விவரித்தார். பேமிங்ஹாம் விபத்து வைத்தியசாலையைச் சேர்ந்த எசெக்ஸ்-லோப்ரெஸ்றியின் வகைப்பாடு, அவர் மறைந்த பின் 1952இல் வெளியாயிற்று. பின்னர், 'ட' வடிவக் கீறலால் தோலையும் தசையையும் ஒன்றாக உயர்த்தி, உலோகத் தகடும் திருகாணிகளும் பொருத்தும் முறை பரவியது. கணினி வெட்டுமுகப் படத்தைக் கொண்டு சாண்டர்ஸ் 1993இல் முறிவுகளை நான்கு வகையாகப் பிரித்தார். நான்காம் வகையில், மூட்டு முற்றாக நொறுங்கிய நிலையில், அதனை இறுக்கிப் பொருத்திவிடுவதும் ஒரு வழியாயிற்று.

எனினும் கத்தியே முன்னேற்றம் என்ற எளிய முடிவு பொருந்தாது. குதிகாலின் தோல் மெல்லியது. வீக்கம் வடிந்து தோலிற் சுருக்கம் தோன்றும் வரை ஓரிரு வாரங் காத்திருத்தல் வேண்டும். காத்திருந்தும் புண் ஆறாமை, கிருமித்தொற்று ஆகியவை நேர்வதுண்டு. 2014இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, 151 நோயாளரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, சத்திரசிகிச்சை பெற்றோருக்கும் பெறாதோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்றும், சிக்கல்கள் முன்னவரில் 23 வீதம், பின்னவரில் 4 வீதம் என்றும் கண்டது. ஆனால் மிகவும் உருக்குலைந்த குதிகால்கள் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.

2002இல் வெளியான கனடிய ஆய்வு நமக்கு இன்னும் முக்கியமானது. மொத்தத்தில் அங்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் தொழிலாளர் நட்டஈடு பெறாதோரிடையே சத்திரசிகிச்சை நற்பயன் அளித்தது. நட்டஈடு பெற்றோரோ எச்சிகிச்சை பெற்றாலும் பின்தங்கினர். இதனைப் பணத்துக்காக நோயை நீட்டும் மனப்பாங்கு என விளக்குவோர் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. நட்டஈடு பெறுவோர் பெரும்பாலும் பாரஞ் சுமக்கும் கடின உழைப்பாளர். முறிந்த காலோடு அதே வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். உழைப்பின் நிலைமை மாறாதபோது தகடும் திருகாணியும் மட்டும் எதனை மாற்றும்?

மேனாட்டு அளவைகள் சப்பாத்து அணிந்து சமதரையில் நடக்கும் மனிதரைக் கொண்டு உருவானவை. அடம்பனில் 'குணமடைதல்' என்பதன் பொருள் வரப்பில் நடத்தலும், சேற்றில் காலூன்றலும், குந்தியிருத்தலும் ஆகும். இந்தியாவில் 1968இல் உருவான ஜெய்ப்பூர்ச் செயற்கைக்கால் வெறுங்காலோடு நடப்பவரையும் குந்துபவரையும் மனத்திற்கொண்டே அமைக்கப்பட்டது. அறிவியல் தன் மக்களின் காலை அளவாகக் கொள்ள முடியும் என்பதற்கு அது சான்று. நம் முறிவு வைத்தியரின் பத்தும் கட்டும் அம்மக்களின் தேவையறிந்த மரபே. ஆயினும் அமிழ்ந்த மூட்டுப்பரப்பை வெளிக்கட்டினால் உயர்த்த இயலாது என்பதையும் உணர்ச்சிவயப்படாது ஏற்றல் வேண்டும்.

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. அது மக்கள் வென்றெடுத்த பேறு. ஆனால் அதன்பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை காலை நிலத்தில் ஊன்றக் கூடாது. அந்நாட்களின் கூலியை யார் கொடுப்பது? 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தொழில்கொள்வோர் ஒருவர் இருப்பதையே அடிப்படையாகக் கொண்டது. தன் கத்தியோடும் தளநாரோடும் தானே மரமேறும் சீவல் தொழிலாளிக்கும், குத்தகை வயலில் உழைப்பவருக்கும் அத்தகைய ஒருவர் இல்லை. அரிசி தீர்ந்ததும் அவர் காலை ஊன்றுகிறார். உயர்த்திய மூட்டு மீண்டும் அமிழ்கின்றது. பின்னர் அது சத்திரசிகிச்சையின் தோல்வியாகப் பதியப்படுகின்றது.

கடற்கரை மணலிற் படரும் அடம்பன் கொடியின் இலை ஆட்டுக் குளம்புபோல் இரண்டாகப் பிளந்திருக்கும். அக்கொடியின் பெயரை நினைவூட்டும் இவ்வூருக்கு, அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் ஈழத்துப் பழமொழி புதியதன்று. வியன்னாவிற் குதிகாலைக் காத்தது பேலரின் கைத்திறன் மட்டுமன்று. அதற்கு முன்னரே சட்டமாகியிருந்த தொழிலாளர் உரிமையும் ஆகும். பனையேறுவோரும் வயலில் உழைப்போரும் தமக்கான விபத்துப் பாதுகாப்பைத் திரண்டு கோரும் நாளிலேயே குதியென்புச் சத்திரசிகிச்சை இம்மண்ணில் முழுமை பெறும் என்பதே நாம் வந்தடையும் முடிவாகும்.