தாமே விரும்பி ஏற்ற கட்டொழுங்கு



கட்டொழுங்கு என்று சொன்னவுடன் இங்கு லோபாக்கில் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவது பிரம்புதான். பிறர் விதிக்கும் ஒழுங்கு, பார்ப்பவர் அகன்றதும் தளர்ந்துவிடுகிறது. தானே விரும்பி ஏற்கும் ஒழுங்கோ அவ்வாறு தளர்வதில்லை. தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் காத்த விரதங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. கிறிஸ்துவ வாழ்வில் செபம், உபவாசம், தியானம், எளிமை, தொண்டு ஆகியன இவ்வாறு போற்றப்படுகின்றன. இவற்றைத் தமிழ் மண்ணில் கடைப்பிடித்து வாழ்ந்த இருவரின் வரலாற்றை இன்று காண்போம்.

1921ஆம் ஆண்டில், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. அதனை நிறுவியவர்கள் சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் இரு மருத்துவர்கள். முன்னவர் தமிழர், பின்னவர் ஸ்காட்லாந்து நாட்டவர். ஆங்கிலேயர் ஆட்சி நடந்த அக்காலத்தில் பெரும்பாலும் வெள்ளையரே தலைமை வகித்தனர். ஆசிரமத்திலோ வயதில் மூத்த ஏசுதாசன் 'பெரியண்ணன்' என்றும், பேட்டன் 'சின்னண்ணன்' என்றும் அழைக்கப்பட்டனர்.

இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தினர், சைவ உணவு உண்டனர். நாள்தோறும் செபமும் தியானமும் செய்தனர். ஏழை நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தனர். அவர்கள் எழுப்பிய செபாலயமும் தமிழகக் கோயில்களைப் போன்று கோபுரத்துடன் அமைந்தது. பேட்டன் பிறந்தது நூல் ஆலைகளை நடத்திய செல்வக் குடும்பத்தில். அத்தகையவர் கையால் நூற்ற நூலில் நெய்த கதரை உடுத்தினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இந்த ஒழுங்குகள் தம் ஆன்ம ஈடேற்றத்தை மட்டும் கருதி ஏற்றவை அல்ல என்பதே இவ்வரலாறு தரும் பாடம். புலால் தவிர்த்ததால் ஊரார் அவர்களோடு அமர்ந்து உண்பது எளிதாயிற்று. கதர் உடுத்தியதால் ஏழைகளிடமிருந்து அவர்கள் விலகி நிற்கவில்லை. ஒவ்வொரு நோன்பும் அயலாருக்கும் தமக்கும் இடையே நின்ற ஒரு சுவரை அகற்றியது.

அதற்குரிய விலையையும் அவர்கள் கொடுக்க நேர்ந்தது. 1932இல் சட்டமறுப்பு இயக்கம் நடந்தபோது, சென்னைத் தெருவில் கதர் உடையில் நின்ற பேட்டனைக் காவலர்கள் தடியால் அடித்தனர். இச்செய்தி இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை சென்றது. அதன் பின்னரும் அவர் கதரைக் கைவிடவில்லை. ஆசிரமத்தையும் விட்டு நீங்கவில்லை. ஏசுதாசன் 1969இலும் பேட்டன் 1970இலும் மறைந்தனர்.

எச்சமயத்தவராயினும் நமக்கு இதில் கற்க வேண்டியது உண்டு. பிள்ளைகளுக்கு விதி வகுக்கும் முன், நாம் ஒரு விதியை ஏற்போம். இரவு உணவு வேளையில் கைப்பேசியை ஒதுக்கி வைத்துப் பிள்ளைகளோடு பேசுவதும் ஒரு நோன்புதான். பெற்றோர் தவறாமல் காக்கும் ஒழுங்கைப் பிள்ளைகள் சொல்லாமலே கற்றுக்கொள்வர்.