சோழியும் வாக்கியமும்: 1825ஆம் ஆண்டுக் கிரகணக் கணிப்பில் படிமுறை

விருத்தாசலம் வட்டாரத்தில் கணினியியல் பயிலும் மாணவர் கற்கும் படிமுறைக்கும் தரவுக் கட்டமைப்பிற்கும் அண்மைப் புதுச்சேரியில் ஒரு முன்வரலாறு உண்டு. 1825 மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தை அங்கிருந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் எழுதாமலே, தரையில் சோழிகளை வைத்துக் கணித்ததை ஜான் வாரன் ‘காலசங்கலித’ நூலில் பதிவு செய்துள்ளார்.

கலி தொடக்கம் முதல் கழிந்த நாள்களிலிருந்து 16,00,984, 12,372, 3,031, 248 ஆகியவை இறங்குமுறையில் இயன்ற மடங்கு கழிக்கப்படும். கழித்த ஒவ்வொன்றிற்கும் உரிய பாகை கூட்டப்படும். எஞ்சும் நாளெண் மனப்பாடமான வாக்கியங்களுள் உரியதை நேரே சுட்டும். 248 நாளில் சந்திரன் தன் அண்மைநிலைக்கு ஏறத்தாழ 9 முறை மீள்வதால் 248 வாக்கியங்களே போதும். 12,372 என்பதும் 3,031இன் நான்கு மடங்கோடு 248 சேர்ந்ததே. கடபயாதி முறையில் ‘தேவரம்’ என்பது 248ஐக் குறிக்கும். (தகரம் இங்கு வடமொழி ஒலிப்பின்படி 8; தமிழ் வரிவடிவில் இது புலப்படாது.)

கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23, முடிவில் 52. கணிதருக்கு நினைவாற்றல் உண்டு, கோட்பாட்டறிவு இல்லை என்பது வாரனின் மதிப்பீடு. அது பாதியே பொருந்தும். கோட்பாடு வாக்கியங்களின் அடுக்கிலேயே உறைந்திருந்தது. 52 நிமிடப் பிழையைத் திருத்தும் வழி கணிதரின் கைக்கு எட்டாததும் அதனாலேயே.