எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிய திராட்சரசம்



புளித்த மதுவுக்கும் புளிக்காத சாற்றுக்கும் 'திராட்சரசம்' என்னும் ஒரே சொல்லை நாம் வழங்கி வருகிறோம். அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. அந்தச் சிறு தூரத்தில் நடந்த ஒரு வரலாற்றை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

திராட்சைப் பழத்தின் தோலில் கண்ணுக்குப் புலப்படாத ஈஸ்ட் நுண்ணுயிர்கள் இயல்பாகவே தங்கியிருக்கின்றன. பழத்தைப் பிழிந்தவுடன் அவை சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு, அதைச் சாராயச் சத்தாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றத் தொடங்குகின்றன. அந்த வாயு வெளியேற வழியில்லையேல் கலம் வெடித்துவிடும். புதிய ரசத்தைப் பழைய துருத்தியில் வார்ப்பதில்லை என்று ஆண்டவர் சொன்னதன் பின்னணி இதுவே. மாறாக, புளித்த ரசத்தைக் காற்றுப்படத் திறந்து வைத்தால் அது நாளடைவில் காடியாகிவிடும். சாற்றை அப்படியே விட்டால் அது சாறாகவே நிற்பதில்லை என்பதே பல நூற்றாண்டுகளாக மனிதர் கண்ட உண்மை.

இந்த நிலையை மாற்றியவர் ஒரு பல் மருத்துவர். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வைன்லாந்து என்னும் ஊரில் வாழ்ந்த தாமஸ் பிராம்வெல் வெல்ச், மெதடிஸ்ட் திருச்சபையில் திருவிருந்துப் பொருட்களை ஆயத்தம் செய்யும் பணியை ஏற்றிருந்தார். மதுவை வெறுத்த அவருக்கு, கர்த்தருடைய பந்தியில் மது வைக்கப்படுவது மனதை உறுத்தியது. மிதமான சூட்டில் நுண்ணுயிர்களை அழிக்கலாம் என்று பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் கண்டறிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1869-ல் வெல்ச் திராட்சையை வேகவைத்துப் பிழிந்து, துணியில் வடிகட்டி, புட்டிகளில் அடைத்து, அவற்றைக் கொதிநீரில் வைத்தார். சாறு புளிக்கவில்லை. 'புளிக்காத திராட்சரசம்' என்ற பெயரில் அதைச் சபைகளுக்கு விற்க முயன்றார். வாங்கியவர்கள் வெகு சிலரே. சில ஆண்டுகளில் அம்முயற்சியைக் கைவிட்டுப் பல் மருத்துவத்துக்கே திரும்பினார். பிற்பாடு அவருடைய குமாரன் சார்லஸ் அதை மீண்டும் எடுத்து, பெரும் தொழிலாக வளர்த்தார்.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. 1920 ஜனவரி 17 முதல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. சமயச் சடங்குக்கான மதுவுக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது. வீட்டு உபயோகத்துக்காகப் பழச்சாறு தயாரிப்பதற்கும் ஒரு பிரிவு இடமளித்தது. அதன் நிழலில், ஒரு குடும்பம் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது ஏறக்குறைய 757 லிட்டர் வரை, வீட்டில் திராட்சரசம் செய்துகொள்வதை அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டனர். கலிபோர்னியாத் திராட்சை ரயில்களில் நாடெங்கும் சென்றது. பழத்தை அழுத்தி உலர்த்திய கட்டிகளும் கடைக்கு வந்தன. அவற்றோடு ஒரு சீட்டும் இருந்தது: நீரில் கரைத்தபின் இத்தனை நாள் மூடி வைக்காதீர்கள், வைத்தால் மதுவாகிவிடும் என்பதே அதன் சாரம். எச்சரிக்கை போல எழுதப்பட்ட செய்முறை அது!

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. 'வைன்-குளோ' என்ற பெயரில் செறிவூட்டிய திராட்சைச் சாறு விற்பனைக்கு வந்தது. நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கே வந்து பீப்பாயை வைப்பார். சுமார் இரண்டு மாதங்களில் சாறு மதுவாகிவிடும். அந்த நிறுவனத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் மேபெல் வாக்கர் வில்லிபிரான்ட். 1929 வரை மதுவிலக்குச் சட்டத்தை மீறியவர்கள்மேல் அரசின் சார்பில் வழக்கு நடத்தும் பொறுப்பை வகித்தவர் அவரேதான். 1931-ல் இத்தகைய விற்பனைக்கு எதிராக நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின், அந்தச் சாறு சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 1933 டிசம்பரில் மதுவிலக்கே முடிவுக்கு வந்தது.

அன்பானவர்களே, சாறு ஒன்றே. ஒருவர் அது மதுவாகாதிருக்கக் கொதிநீரில் வைத்தார். மற்றவர்கள் அது மதுவாகட்டும் என்றே சாறு என்னும் பெயரில் விற்றனர். சீட்டில் எழுதியிருந்த ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் அதை எழுதிய நோக்கம் பொய். நம்முடைய வாழ்விலும் இத்தகைய சீட்டுகள் இல்லையா? "நான் சட்டத்தை மீறவில்லை" என்று சொல்லிக்கொண்டே நாம் செய்யும் காரியங்கள் எத்தனை!

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு சபையில், குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட ஒரு சகோதரர் இருந்தார். ஆராதனை முழுவதும் அமர்ந்திருப்பார். திருவிருந்து வேளையில் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். காரணம் கேட்டேன். "ஐயா, அந்த வாசனையே போதும், பழைய மனுஷன் எழும்பிவிடுவான்" என்றார். அன்று இரவு எனக்கு உறக்கமில்லை. கர்த்தருடைய பந்திக்கு வர ஏங்கிய ஒருவரை நான் பரிமாறிய பாத்திரமே வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. மூப்பர்களோடு கலந்து பேசினோம். வழக்கத்தை மாற்றுவதா என்று சிலர் வருந்தினர். முடிவில், உலர்ந்த திராட்சையைக் காய்ச்சி எடுத்த சாற்றையே சபையார் அனைவருக்கும் கொடுக்கத் தீர்மானித்தோம். அடுத்த திருவிருந்தில் அவர் முழங்காற்படியிட்டதை நான் மறக்கவில்லை.

புளித்த ரசமா, புளிக்காத ரசமா என்பதில் திருச்சபைகள் ஒரே மனதாயில்லை. அதை இங்கே தீர்க்க நான் முற்படவில்லை. "எனக்கு எவ்வளவு அனுமதி?" என்று கேட்பது ஒரு மனம், "என் சகோதரன் இடறாதிருக்க நான் எதை விடலாம்?" என்று கேட்பது வேறொரு மனம். ரோமர் 14-ம் அதிகாரத்தை இந்த வாரம் குடும்பமாக வாசித்து, நம்முடைய மனம் எது என்று சிந்திப்போமாக.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் வார்த்தைகளும் நோக்கங்களும் ஒன்றாயிருக்க உதவி செய்யும். பலவீனரை உமது பந்திக்குத் தூரமாக்கும் எதையும் எங்கள் கைகளிலிருந்து அகற்றும். ஆமென்.