பசியிலிருந்து கவிதைக்கு: லூயிஸ் க்ளிக்

முதல்லயே சொல்லிடறேன், இந்த எபிசோட்ல சாப்பாட்டை ஒதுக்குற நோயைப் பத்தியும் ஒரு குழந்தையோட மரணத்தைப் பத்தியும் பேசப்போறோம். இன்னைக்குக் கேக்க முடியாதுன்னா, வேற நாள் கேளுங்க.

2020இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கினவங்க அமெரிக்கக் கவிஞர் லூயிஸ் க்ளிக். 1943இல் நியூயார்க்கில் பிறந்தாங்க. அவங்க பிறக்கறதுக்கு முன்னாடியே அந்த வீட்டோட முதல் பொண்ணு இறந்துபோயிட்டா. அந்த அக்காவை இவங்க பாத்ததே இல்ல. ஆனா அக்கா இல்லாத அந்த வெறுமைக்குள்ளதான் வளர்ந்தாங்க.

டீன் ஏஜ்ல அனோரெக்ஸியா வந்தது. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்த நோய்க்கு அந்தப் பேரை வச்சது 1870கள்ல. அதாவது, பேர் வந்து எண்பது வருஷத்துக்கு மேல ஆகியிருந்தது. ஆனா ஹில்டா புரூக் என்ற மருத்துவர் பொதுவாசகர்களுக்காக இதைப் பத்தி எழுதின புகழ்பெற்ற புத்தகம் 1978இல்தான் வந்தது. க்ளிக் நோயில இருந்த காலத்துல அப்படி எடுத்துப் படிக்க ஒண்ணும் இல்ல.

பின்னாடி ஒரு கட்டுரையில அவங்களே இதை யோசிச்சுப் பாக்கறாங்க. சாகணும்னு யாரும் இதை ஆரம்பிக்கறதில்ல. அம்மாகிட்டருந்து பிரிஞ்சு, ‘இதுதான் நான்’னு ஒரு கோடு போடணும், அதுக்குக் கையில இருந்தது உடம்பு மட்டும்தான். ஆனா அந்தக் கோடு போய் நிக்கிற இடம் சாவு. அது ஒருநாள் அவங்களுக்கே உறைச்சது. சாக விருப்பமில்லன்னும் அப்பதான் தெரிஞ்சது.

ஸ்கூல் கடைசி வருஷத்துல உளப்பகுப்பாய்வு சிகிச்சை ஆரம்பிச்சு, ஏழு வருஷம் போச்சு. ‘கவிதை அவரைக் குணப்படுத்தியது’ன்னு ரீல்ஸ்ல ஒரு வரியில முடிச்சிடுவாங்க. எனக்கு அது சரியாப் படல. உயிரைக் காப்பாத்தினது சிகிச்சை. அங்க தன்னையே கேள்வி கேட்டுப் பழகினதுதான் எழுத்துக்கும் உதவினதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. முழுநேரக் கல்லூரிக்குப் போற நிலைமை இல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்துல கவிதை வகுப்புக்கு மட்டும் போனாங்க. அங்க ஸ்டான்லி குனிட்ஸ் ஆசிரியரா கிடைச்சார். முதல் தொகுப்பு 1968இல் வந்தது.

நடுவுல ஒரு பயம் வேற. முழுசா குணமாயிட்டா எழுத்து போயிடுமோன்னு டாக்டர்கிட்டயே சண்டை போட்டாங்களாம். கவலைப்படாதே, எழுதறதுக்கு வேண்டிய துக்கத்தை உலகம் தானா கொடுக்கும்ங்கிற அர்த்தத்துல அவர் பதில் சொன்னாராம். எனக்கு ரொம்பப் பிடிச்ச டாக்டர் இவர்!

அவர் சொன்ன மாதிரியே கொடுத்தது. 1980இல் வந்த தொகுப்புல அந்தப் பசியை நேரடியா எழுதினாங்க. உடம்பைச் செதுக்கின அதே வெறிதான் வரியையும் செதுக்குதுன்னு அந்தக் கவிதையில ஒத்துக்கறாங்க. குறைச்சுக்கிட்டே போகணும்ங்கிற ஆசை போகல, காகிதத்துக்கு இடம் மாறினது, அவ்வளவுதான். காகிதத்துல எவ்வளவு வெட்டினாலும் யாருக்கும் உயிர் போகாது.

அப்பா இறந்தபிறகு, 1990இல் ‘அராரத்’ வந்தது. அப்பா, அம்மா, தங்கச்சின்னு மொத்தக் குடும்பமும் அதுல இருக்கு. அக்காவோட கல்லறையைப் பத்தியும் ஒரு கவிதை இருக்கு. அப்போ க்ளிக்குக்கு ஐம்பது வயசு நெருங்கிடுச்சு.