வெயிலுக்கு ஒரு சான்றிதழ்

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குக் கணக்கு நடத்திய வாத்தியார், ஒகுஸ்தேன் மூஷோவின் கதையை அடிக்கடி சொல்வார். மூஷோவும் கணக்கு வாத்தியார்தான். 1878-ல் பாரிஸ் கண்காட்சியில், புனல் மாதிரி பெரிய உலோகப் பிரதிபலிப்பானில் வெயிலைக் குவித்து, அந்தச் சூட்டைக் கொண்டே ஐஸ் கட்டி செய்து காட்டியவர். தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். ஆனால் நிலக்கரி மலிவாகக் கிடைத்ததால் அரசு உதவியை நிறுத்திவிட்டது. "கண்டுபிடித்தால் போதாது, வாங்க ஆள் வேண்டும்" என்று வாத்தியார் முடிப்பார்.

வாங்க ஆளைச் சட்டம் போட்டுக் கொண்டுவர முடியுமா? நம் நாட்டில் செய்து பார்த்தார்கள். அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு, ஒவ்வொரு மாநில ஒழுங்குமுறை ஆணையமும் தன் எல்லைக்குள் செலவாகும் மின்சாரத்தில் இத்தனை சதவீதம் காற்று, சூரியன் போன்றவற்றிலிருந்து வாங்க வேண்டும் என்று நிர்ணயிக்கச் சொன்னது. எங்கள் புதுவைக்கு, கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான கூட்டு ஆணையம் 2010-ல் விதி செய்தது. இங்கே மின்சாரம் விநியோகிப்பது அரசின் மின்துறையே. ஆகவே கடமையும் அதன் தலையில்தான்.

ஒரு சிக்கல் இருந்தது. ராஜஸ்தானில் வெயில் அதிகம், தமிழ்நாட்டில் காற்று அதிகம், டெல்லியில் இரண்டுக்கும் இடம் இல்லை. இடமில்லாதவர் கடமையை எப்படி நிறைவேற்றுவது? அதற்கு வந்ததுதான் சான்றிதழ். 1,000 யூனிட் தயாரித்தால் ஒரு சான்றிதழ். மின்சாரத்தை உள்ளூரிலேயே சாதாரண விலைக்கு விற்றுவிட்டு, சான்றிதழைத் தனியாகச் சந்தையில் விற்கலாம். கடமைப்பட்டவர் அதை வாங்கினால் கணக்கு தீர்ந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1999-லேயே இப்படி ஒரு சட்டம் போட்டிருந்தது. 2009-க்குள் 2,000 மெகாவாட் புதிதாக வேண்டும் என்றார்கள். பல ஆண்டுகள் முன்னதாகவே எட்டிவிட்டார்கள். காற்று தாராளம் என்பது ஒரு காரணம். வாங்கத் தவறினால் 1,000 யூனிட்டுக்கு 50 டாலர் வரை தண்டம் என்று முன்பே எழுதி வைத்திருந்தது இன்னொரு காரணம்.

நம் நாட்டில் 2010 நவம்பரில் திட்டம் தொடங்கியது. 2011 மார்ச்சில் முதல் வணிகம். அதன் பிறகு மாதத்தின் கடைசிப் புதன்கிழமை சந்தை கூடும். சூரியச் சான்றிதழுக்குக் குறைந்தபட்ச விலை 12,000 ரூபாய், உச்ச விலை 17,000. 2012 ஏப்ரலில் அதை 9,300 என்றும் 13,400 என்றும் மாற்றினார்கள். இந்த விலை 2017 மார்ச் வரை என்று சொன்னார்கள்.

அதை நம்பி எங்கள் சம்பந்தி 1 மெகாவாட் நிலையம் போட்டார். வங்கிக் கடன்தான். வருடத்துக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் வரும். அதாவது 1,500 சான்றிதழ். குறைந்த விலைக்கு விற்றாலும் 1 கோடியே 39 லட்சம். கணக்கை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. "நல்லா பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

நான் பார்க்காதது ஒன்றே ஒன்று: வாங்காதவருக்கு என்ன நடக்கும்? ஆணையம் தண்டம் விதிக்கலாம் என்று விதியில் இருந்தது. நடந்தது வேறு. விநியோக நிறுவனங்கள் ஏற்கெனவே கடனில் இருந்தன; பல மாநிலங்களில் பாக்கியை "அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்ல" அனுமதித்தார்கள். முப்பது வருடம் கோப்பு பார்த்த எனக்கு அந்த வாசகத்தின் பொருள் நன்றாகவே தெரியும். விற்காத சான்றிதழ்கள் 1 கோடிக்கு மேல் குவிந்தன. ஆயுளை 1 வருடத்திலிருந்து 2 ஆக்கினார்கள், பிறகு 3 ஆக்கினார்கள்.

அதற்குள் சூரிய மின்சாரத்தின் விலை சரிந்தது. 2010 டிசம்பர் ஏலத்தில் யூனிட் 12 ரூபாய் அளவில் இருந்தது, 2017 மே மாதம் ராஜஸ்தான் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. நாட்டுக்கு நல்லது. ஆனால் 2015 ஜனவரியில், சொன்ன கெடு முடியும் முன்பே சான்றிதழின் குறைந்தபட்ச விலை 3,500 ஆயிற்று. பழைய நிலையங்களுக்கு ஒன்றுக்கு 2.66 என்று பெருக்கிக் கொடுத்தார்கள். பெருக்கிப் பாருங்கள், 9,310 வரும். காகிதத்தில் நியாயம்தான், விற்றால்தானே? 2017 ஏப்ரலில் விலை 1,000. பெருக்கலும் முடிந்தது. 1 கோடியே 39 லட்சம் 15 லட்சமாயிற்று. 2020 ஜூலை முதல் 2021 நவம்பர் வரை வழக்கினால் சந்தையே நடக்கவில்லை. சம்பந்தி ஒரு வீட்டுமனையை விற்றுத்தான் கடனை அடைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

பக்கத்துத் தமிழ்நாட்டில் வேறொன்று நடந்தது. 2012 சூரியக் கொள்கை, உயர் அழுத்த நுகர்வோர் பலர் 3 சதவீதமும், 2014 ஜனவரி முதல் 6 சதவீதமும் சூரிய மின்சாரம் பயன்படுத்தியாக வேண்டும் என்றது. நூற்பாலைகள் மேல்முறையீடு செய்தன. அந்த 2014 ஜனவரியிலேயே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது.

பிறகு விதிகளைத் திருத்தினார்கள். 2022 டிசம்பர் முதல் குறைந்தபட்ச விலையும் இல்லை, உச்ச விலையும் இல்லை. சான்றிதழ் விற்கும்வரை செல்லும். 2024 ஏப்ரலிலிருந்து கடமை எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது: 2024-25-ல் 29.91 சதவீதம், 2029-30-ல் 43.33 சதவீதம். தவறினால் அபராதம் அந்தச் சட்டத்திலேயே உண்டு. இந்த முறை வசூலிப்பார்களா என்று பார்க்க வேண்டும்.

நம்மில் பலர் இப்போது மாடியில் சூரியத் தகடு போடுகிறோம். மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. போடுங்கள், நல்ல காரியம். வீட்டுக் கட்டணம் குறைவது நிச்சயமான லாபம். ஆனால் நாளை யாராவது வந்து, சந்தையில் இதற்கு இவ்வளவு விலை வரும் என்று காகிதம் காட்டினால், கூட்டலைச் சரிபார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். வாங்காமல் போனவரை யார் கேட்பார்கள் என்று எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.