முள்ளந்தண்டும் இயந்திரக் கையும்

1911ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகரில் இரு சத்திர வைத்தியர்கள், ஒருவரையொருவர் சாராது, ஒரே நோக்குடன் கத்தியை எடுத்தனர். சயரோகம் முள்ளந்தண்டை அரித்தமையால் முதுகு கூனிய நோயாளருக்கு, முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டச்செய்து கூனல் வளராது தடுப்பதே அந்நோக்கம். ரசல் ஹிப்ஸ் என்பார் அவ்விடத்து எலும்பையே செதுக்கி அடுத்த எலும்பின்மீது சாய்த்தார். பிரெட் ஆல்பீ கணைக்காலெலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பதித்தார். உலோகம் எதுவும் உள்ளே வைக்கப்படவில்லை. எலும்பு ஒட்டும்வரை நோயாளி அசையாது படுத்திருக்க வேண்டியதாயிற்று.

உலோகம் பின்னரே வந்தது. ஹூஸ்டன் நகரில் இளம்பிள்ளைவாதத்தால் முதுகு கோணிய சிறுவர்களைக் கண்ட போல் ஹரிங்டன், கொளுக்கியும் எஃகுக் கோலும் கொண்டு முதுகை நிமிர்த்தும் முறையை 1962இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு பாரிஸில் ரேமோன் ருவா-கமீய், முள்ளெலும்பின் காம்பினூடாகத் திருகாணியைச் செலுத்தத் தொடங்கினார்.

காம்பு என்பது முள்ளெலும்பின் முன்னுடலையும் பின்வளையத்தையும் இணைக்கும் சிறு எலும்புப் பாலம். நடுமுதுகில் அதன் அகலம் பலரிடத்து 5 மில்லிமீற்றர் அளவே. அதன் உட்புறத்தே முண்ணாண். அடிப்புறத்தே நரம்பு வேர். ஆணி சில மில்லிமீற்றர் விலகினும் கால் சோர்ந்துபோகக் கூடும். ஆகவே சத்திர வைத்தியர் எலும்பின் மேடுபள்ளங்களை அடையாளங்கொண்டு துளையிட்டு, மெல்லிய கம்பியொன்றை உட்செலுத்தி, நாற்புறச் சுவரும் அடியும் எலும்புதானா என்று தடவிப் பார்ப்பார். கண்ணுக்குப் புலப்படாததை விரல் அறியும் வித்தை அது.

இவ்வித்தைக்குத் துணையாக இஸ்ரவேலில் மோஷே ஷோஹாம் முதலியோர் ஆக்கிய சிறு இயந்திரத்துக்கு 2004இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. றோபோ என்றதும் கத்தி ஏந்திய இரும்பு மனிதனை எண்ணிக்கொள்வோர் ஏமாற்றமடைவர். குளிர்பானத் தகரக் குவளையளவேயான அது, நோயாளியின் எலும்பிலேயே பொருத்தப்பட்டு, முன்கூட்டி வகுத்த திசையில் ஒரு குழாயைப் பிடித்து நிற்கும். துளையிடுபவர் வைத்தியரே.

2012இல் மியூனிக் வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வு பலரையும் திகைக்கச் செய்தது. 60 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி 298 ஆணிகளைச் செலுத்தியதில், கைமுறையில் நூற்றுக்கு 93 ஆணிகள் நன்கு அமைந்தன; இயந்திர முறையிலோ 85 மாத்திரமே. பத்து ஆணிகளுக்கு நடுவில் இயந்திரத்தைக் கைவிட்டுக் கையையே நாட நேர்ந்தது. கணக்கில் பிழையில்லை. சரிந்த எலும்புப் பரப்பில் குழாயின் நுனி வெளிப்புறம் வழுக்கியது; இயந்திரம் எலும்பைப் பற்றிய பிடியும் போதவில்லை. வழுக்கலை உணரும் விரல் அக்குழாய்க்கு இல்லை.

பின்வந்த இயந்திரங்கள் அவ்வாறில்லை. 2019இல் பெய்ஜிங்கிலிருந்து வெளிவந்த, 234 நோயாளரைக் கொண்ட ஆய்வில் இயந்திரமுறை 95.3 வீதமும் கைமுறை 86.1 வீதமும் பெற்றன. ஆயினும் இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் தகாது. 2 மில்லிமீற்றருக்குக் குறைந்த விலகலை மியூனிக்கார் நன்றெனவே கொண்டனர். பெய்ஜிங்கின் அவ்வெண்களோ சுவரைச் சற்றும் மீறாத ஆணிகளை மாத்திரம் குறிப்பன. இரண்டும் எண்ணியவை ஆணிகளின் இருப்பையே. நோயாளியின் வலி எவ்வளவு தணிந்தது என்பது வேறொரு கணக்கு.